எல்லைச் சாலைக்கு ஒப்புதல் கிடைத்தாலும் பணம் ஏன் உடனே வருவதில்லை?

"எல்லையில் புதிய சாலைகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல்" என்று டிவியில் செய்தி ஓடினால், நம்மில் பலர் நினைப்பது ஒன்றுதான். டெல்லியில் பணம் எடுத்து வைத்தாகிவிட்டது, நாளைக்கே மலையில் புல்டோசர் ஏறிவிடும் என்று. நடைமுறை அப்படி இல்லை. ராணுவத்துக்காக ஒரு சாலையோ, ஓடுதளமோ, வீரர்கள் தங்கும் கட்டடமோ எழும்ப வேண்டுமென்றால், அரசு ஒரு தடவை அல்ல, பல தடவை சரி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் சொல்பவர் வேறு, கேட்கப்படும் கேள்வியும் வேறு. இது உண்மையிலேயே தேவையா? எவ்வளவு ஆகும்? இந்த ஆண்டு அதற்குப் பணம் இருக்கிறதா? செய்த வேலைக்குத்தான் பணம் கேட்கிறார்களா? இவற்றில் எது முடிந்திருக்கிறது, எது பாக்கி என்று தெரியாமல் தலைப்புச் செய்தியை மட்டும் படித்தால், பத்து வருடம் கழித்து "அந்தச் சாலை என்ன ஆச்சு?" என்று கேட்கத்தான் தோன்றும்.

கர்நாடகத்தின் கார்வார் கடற்படைத் தளம் இதற்கு நல்ல உதாரணம். மும்பைத் துறைமுகத்தில் வணிகக் கப்பல், மீன்பிடிப் படகு, போர்க்கப்பல் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால், மேற்குக் கரையில் கடற்படைக்கென்று தனியாக ஒரு பெரிய தளம் வேண்டும் என்ற யோசனை வந்தது. 'சீபேர்ட்' என்று பெயரிட்ட அந்தத் திட்டத்துக்கு 1985இல் சுமார் 350 கோடி ரூபாய்க்கு அரசு ஒப்புதல் தந்தது. 1986 அக்டோபரில் பிரதமர் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். அப்புறம் வருடங்கள்தான் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தது. 1995இல் திட்டத்தைச் சுருக்கி, முதல் கட்டத்தை மட்டும் சுமார் 1,294 கோடியில் செய்யலாம் என்று புதிதாக ஒப்புதல் வாங்கினார்கள். ஐ.என்.எஸ். கடம்பா என்ற பெயரில் தளம் செயல்பாட்டுக்கு வந்தது 2005 மே 31 அன்று. அடுத்த கட்டத்துக்குப் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு 2012இல் தனியாக ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அது மட்டும் சுமார் 13,000 கோடி ரூபாய்த் திட்டம்.

அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே ஏறத்தாழ 19 ஆண்டுகள். தளத்துக்காக 13 கிராமங்களைச் சேர்ந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு, நிலம், மீன்பிடிக் கரை எல்லாவற்றையும் விட்டு வெளியேறின. அவர்களில் பலர் கூடுதல் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஒப்புதல் கிடப்பில் கிடக்கும்போது அதன் விலையைக் கொடுப்பது கடற்படை மட்டுமல்ல.

சரி, அடிப்படைக்கு வருவோம். ராணுவக் கட்டுமானம் என்றால் எல்லைச் சாலையும் சுரங்கப்பாதையும் மட்டும் இல்லை. வீரர்களின் குடும்பக் குடியிருப்பு, வெடிமருந்துக் கிடங்கு, விமானக் கொட்டகை, கப்பல் பழுதுபார்க்கும் தளம், ராணுவ மருத்துவமனை, ஏன், முகாமின் குடிநீர்த் தொட்டிகூட இதில் வரும். முகாம்களுக்கு உள்ளே நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியை எம்.இ.எஸ். என்று எல்லோரும் சொல்லும் ராணுவப் பொறியியல் பணித்துறை பார்க்கிறது. எல்லைப் பகுதிச் சாலைகள், பாலங்கள், சுரங்கங்கள் பி.ஆர்.ஓ. என்ற எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறுப்பு. பி.ஆர்.ஓ. தொடங்கியது 1960இல். ஆனால் அது முழுக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தது 2015இல்தான். அதுவரை அதற்கான பணம் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் இருந்தது. வேலை சொல்பவர் ஒரு வீட்டில், பணப்பெட்டி இன்னொரு வீட்டில் என்ற நிலைமை.

கார்வார் போன்ற மிகப் பெரிய திட்டத்துக்குக் கடற்படையிலேயே தனி அமைப்பு உண்டு. ஆனால் இப்படிப்பட்டவை எண்ணிக்கையில் குறைவு. அன்றாடம் நடக்கும் வேலை எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு சாதாரண முகாமில் வீரர்களுக்கான தங்குமிடக் கட்டடம் ஒன்று தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பழைய கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது, அல்லது யூனிட்டின் ஆள்பலம் கூடிவிட்டது. உடனே காண்ட்ராக்டரைக் கூப்பிட முடியாது. முதலில் அதிகாரிகள் குழு ஒன்று உட்கார வேண்டும். அந்தக் கட்டடத்தில் இருக்கப்போகிறவர்களின் பிரதிநிதி இருப்பார், எம்.இ.எஸ். பொறியாளர் இருப்பார். இடம் தேர்வு செய்ய வேண்டியிருந்தால் மருத்துவ அதிகாரியும் பாதுகாப்பு நிலங்களைக் கவனிக்கும் அலுவலரும் சேர்ந்துகொள்வார்கள். இத்தனை பேருக்கு இத்தனை சதுர அடி, இந்தப் பதவிக்கு இப்படிப்பட்ட அறை என்று ராணுவத்தில் எழுதிவைத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. அந்த அளவுகோலின்படி எவ்வளவு இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பற்றாக்குறை என்று குழு கணக்குப் போட்டு எழுதும். தோராயமாக எவ்வளவு செலவாகும் என்று பொறியாளர் ஒரு தொகை சொல்வார். இந்தக் கோப்பு மேலே போய், தகுதியுள்ள அதிகாரி 'தேவை ஏற்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டால் முதல் வாசல் தாண்டியாயிற்று. இந்தக் கட்டத்தில் ஒரு செங்கலுக்குக்கூடப் பணம் கிடையாது. தேவை நியாயமானது என்று மட்டும்தான் அரசு ஒத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து விரிவான மதிப்பீடு. மண் எப்படி, தண்ணீர் இணைப்பு எங்கிருந்து, மின்சாரத்துக்குப் புது டிரான்ஸ்பார்மர் வேண்டுமா என்றெல்லாம் சேர்த்துத் தயாரிப்பார்கள். அந்த மதிப்பீட்டின் மேல் கிடைப்பதுதான் நிர்வாக ஒப்புதல். இன்ன வேலை, இன்ன தொகைக்குள், இன்ன கணக்குத் தலைப்பில் செய்யலாம் என்ற முறையான அனுமதி இது. செய்தித்தாள்களில் 'ஒப்புதல்' என்று வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான், சில சமயம் அதற்கும் முந்தைய கட்டத்தை. பிறகு, வரைபடமும் மதிப்பீடும் பொறியியல் ரீதியாகச் சரிதான் என்று தொழில்நுட்ப ஒப்புதல். அதற்கப்புறம் டெண்டர். அதன் பிறகே கடப்பாரை மண்ணில் இறங்கும்.

வேலை தொடங்கிய பிறகும் பணம் ஒரே கட்டாகப் போவதில்லை. தளத்தில் எத்தனை கன மீட்டர் கான்கிரீட் போட்டிருக்கிறது, எத்தனை சதுர மீட்டர் பூச்சு முடிந்திருக்கிறது என்று அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பொதுப்பணித் துறை வேலை பார்த்த யாரும் இதை எம்-புக் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த அளவை வைத்து காண்ட்ராக்டர் பில் போடுவார். பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஆட்கள் அதைச் சரிபார்த்த பிறகே பணம் வெளியே போகும். இவர்கள் ராணுவச் சீருடைக்குள் இல்லாதவர்கள், தளபதியின் கட்டளைக்குக் கீழே வராதவர்கள் என்பது முக்கியம். வேலையைச் செய்யச் சொல்பவரும் பணத்தை விடுவிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் இந்த முழு ஏற்பாட்டின் அடித்தளம்.

யார் எவ்வளவு வரை கையெழுத்துப் போடலாம் என்பது தொகையைப் பொறுத்தது. சின்ன வேலைகளை முகாம் மட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம். தொகை ஏற ஏறக் கோப்பு மேல் தலைமையகங்களுக்கும், டெல்லியில் உள்ள அந்தந்தப் படையின் தலைமையகத்துக்கும், பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் போகும். குறிப்பிட்ட வரம்புக்கு மேலே, ஒவ்வொரு மட்டத்திலும் அதிகாரியின் பக்கத்தில் நிதி ஆலோசகர் ஒருவர் இருப்பார். அவர் கேள்வி கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும். கோப்பு தாமதமாவதற்கு இவர்களைக் குறை சொல்வது ராணுவ வட்டாரத்தில் வழக்கம். என் பார்வையில், கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஐந்து கேள்விகளை ஒரே தடவையில் கேட்காமல், ஒவ்வொன்றாகக் கேட்டு ஐந்து முறை கோப்பைத் திருப்பி அனுப்புவதுதான் வேலையைக் கொல்கிறது.

மிகப் பெரிய, அல்லது நாட்டின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புள்ள திட்டங்கள் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு வரை போகும். பிரதமர், பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் அடங்கிய சின்னக் குழு இது. நிதியமைச்சர் அதில் உட்கார்ந்திருப்பதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். பல ஆண்டுகள் ஓடும் ஒரு திட்டத்துக்கு இன்று தலையாட்டினால், அடுத்த ஏழெட்டு பட்ஜெட்டுகளில் அதற்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்பவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டுமல்லவா?

இவ்வளவும் அரசு தனக்குள்ளேயே செய்துகொள்வது. இனி நாடாளுமன்றம். நாட்டின் வரிப்பணம் எல்லாம் போய்ச் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியத்திலிருந்து, நாடாளுமன்றம் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாமல் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியாது. அரசியலமைப்பின் 114ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அமைச்சகமும் மானியக் கோரிக்கைகளோடு, அதாவது இன்ன செலவுக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கேட்புகளோடு, மக்களவைக்கு வருகிறது. பாதுகாப்பு அமைச்சகம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறது. அமைச்சகத்தின் சிவில் செலவு ஒன்று, முப்படைகளின் அன்றாட வருவாய்ச் செலவு ஒன்று, மூலதனச் செலவு ஒன்று, ஓய்வூதியம் ஒன்று. இருக்கும் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதும் பழுது பார்ப்பதும் வருவாய்ச் செலவு. புதுக் கட்டடம், புது ஓடுதளம், நிலம் வாங்குதல் ஆகியவை மூலதனச் செலவு.

2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மொத்தம் சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். கேட்கவே தலை சுற்றும். ஆனால் அதில் படைகளின் மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. அந்த 1.80இலும் ஏறக்குறைய 1.49 லட்சம் கோடி விமானம், கப்பல், பீரங்கி என்று தளவாடங்கள் வாங்கப் போய்விடுகிறது. ஆராய்ச்சிக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 31,277 கோடி. பி.ஆர்.ஓ.வின் மூலதனப் பணிகளுக்குத் தனியாக 7,146.50 கோடி. ஆக, பாதுகாப்பு பட்ஜெட் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, வீரர்களுக்கு வீடு கட்ட மட்டும் ஏன் பணமில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இந்தப் பிரிப்பில் இருக்கிறது. இருக்கும் தொகையிலும் பெரும்பங்கு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பில்களுக்கே போய்விடும். புது வேலைக்கு நிர்வாக ஒப்புதல் கைவசம் இருந்தும், இந்த ஆண்டுப் பட்டியலில் இடமில்லை என்று காத்திருக்கும் கோப்புகள் இப்படித்தான் உருவாகின்றன.

மக்களவையில் இதெல்லாம் விரிவாக விவாதிக்கப்படுகிறதா என்றால், பல ஆண்டுகளில் இல்லை. குறிப்பிட்ட நாளுக்குள் விவாதத்துக்கு வராத எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் சேர்த்து ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடும் முறைக்கு 'கில்லட்டின்' என்று பெயர். பாதுகாப்பு அமைச்சகத்தின் கோரிக்கைகள் பலமுறை அப்படி நிறைவேறியிருக்கின்றன. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஆறேழு லட்சம் கோடிக்கு ஒரு நாள் விவாதமாவது நடக்க வேண்டும். உண்மையான அலசல் நடப்பது பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில்தான். கட்சி பேதமில்லாமல் உறுப்பினர்கள் உட்கார்ந்து, நீங்கள் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று படைகளின் அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்பார்கள். அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. படிக்க அவ்வளவு கடினமும் இல்லை.

நாடாளுமன்றம் தரும் பணத்துக்கு ஆயுசு ஒரு வருடம். மார்ச் 31 தாண்டினால், செலவாகாத தொகை திரும்பப் போய்விடும். கடைசி நேரத்தில் அவசர அவசரமாகச் செலவழிப்பதைத் தடுக்க, நான்காவது காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேலும் போகக் கூடாது என்று நிதியமைச்சகம் வரம்பு வைத்திருக்கிறது. சமவெளிக்கு இது நல்ல விதி. லடாக்கிலோ அருணாசலத்திலோ கதை வேறு. அங்கே பனி விலகி வேலை நடப்பது ஆண்டில் சில மாதங்கள்தான். பட்ஜெட் நிறைவேறி, பணம் பிரித்து, டெண்டர் முடிவதற்குள் வேலைக் காலத்தின் ஒரு பகுதி போய்விட்டால், அடுத்த வருடக் கோடைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இமயமலையின் பருவத்துக்கும் நிதியாண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது பலர் கவனிக்காத ஒரு பெரிய காரணம்.

அவசரம் என்றால்? அதற்கும் வழி உண்டு. போர்ச் சூழலோ இயற்கைப் பேரிடரோ வந்தால், களத்தில் இருக்கும் தளபதி முன் அனுமதி இல்லாமலே வேலையைத் தொடங்கச் சொல்லலாம். உடனே மேலிடத்துக்குத் தெரிவித்து, பிறகு முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். 2020இல் கிழக்கு லடாக்கில் சீன ராணுவத்தோடு மோதல் வந்தபோது, ஆயிரக்கணக்கான வீரர்கள் முதல்முறையாக அந்த உயரத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்க வேண்டிய நிலை வந்தது. சூடேற்றும் வசதியுள்ள தங்குமிடங்களை ஒருசில மாதங்களில் கட்டி முடித்துவிட்டதாக அந்த நவம்பரில் ராணுவம் அறிவித்தது. தேவை கண்ணெதிரே இருக்கும்போது இதே அமைப்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு அது சாட்சி.

ஒப்புதல் கொடுத்த தொகைக்குள் வேலை முடியாவிட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் கூடினால் சமாளிக்க இடமுண்டு. அதற்கு மேல் போனால், திருத்திய மதிப்பீட்டோடு கோப்பு பழையபடி மேலே ஏற வேண்டும். இமாசலத்தின் ரோதாங் கணவாய்க்கு அடியில் குடைந்த அடல் சுரங்கப்பாதை அப்படிப்பட்டது. நீளம் 9.02 கிலோமீட்டர். 2000இல் வாஜ்பாய் அறிவித்தார். 2010இல் குடையத் தொடங்கினார்கள். சேரி நாலா என்ற ஓடைக்குக் கீழே பாறை பிளவுபட்டிருந்த சில நூறு மீட்டரில் தண்ணீரும் சேறும் உள்ளே கொட்டிக்கொண்டே இருந்ததால், அந்தப் பகுதியைத் தாண்டவே ஆண்டுகள் ஆயின. 2020 அக்டோபர் 3 அன்று திறப்பு விழாவில் பிரதமர் மோடி சொன்ன கணக்குப்படி, 2005இல் 950 கோடி என்று மதிப்பிட்ட வேலை 3,200 கோடிக்கும் மேல் போய் முடிந்தது. இதில் பாறையின் பங்கு எவ்வளவு, தாமதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். பாறையை யாராலும் முழுதாகக் கணிக்க முடியாது. பத்தாண்டுத் தாமதத்தைத் தவிர்த்திருக்க முடியும்.

பணத்துக்கு அப்பாற்பட்ட அனுமதிகளும் இருக்கின்றன. நிலம், காடு, சுற்றுச்சூழல். எல்லைச் சாலைகள் பெரும்பாலும் காட்டு வழியேதான் போகும். பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், தேசப் பாதுகாப்புக்காக அமைக்கும் சாலை போன்ற திட்டங்களுக்கு வன அனுமதியிலிருந்து விலக்கு தரும் திருத்தம் 2023இல் சட்டமானது. வேகம் கூடும், சந்தேகமில்லை. ஆனால் சரிவை வெட்டிப் போட்ட சாலை மழைக்கு நிலச்சரிவாகி இறங்கினால், அதே சாலையில் மாட்டிக்கொள்வது ராணுவ லாரியும்தான். மலையைப் பற்றிய கேள்வியையும் பாதுகாப்புக் கேள்வியாகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, எல்லாம் முடிந்த பிறகு வருகிறவர் தலைமைக் கணக்குத் தணிக்கையர், அதாவது சி.ஏ.ஜி. அவருடைய 2017ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று சீன எல்லையை ஒட்டிய 61 சாலைகளை ஆராய்ந்தது. அந்த 61 சாலைகளையும் சுமார் 4,644 கோடி ரூபாயில் 2012க்குள் முடிப்பதாகத் திட்டம். 2016 மார்ச் வரை முடிந்தவை 22 மட்டுமே. அதற்குள் செலவான தொகை 4,536 கோடி. அதாவது 61 சாலைக்குப் போட்ட பணத்தில் 98 சதவீதம் கரைந்துவிட்டது, கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு சாலை. முடிந்த சாலைகளிலும் சில, கனரக ராணுவ வாகனங்கள் போகத் தகுதியில்லாமல் இருந்தன என்று அறிக்கை சொன்னது. இங்கே ஒப்புதலும் இருந்தது, பணமும் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் நடந்திருக்க வேண்டிய நில ஆய்வும் பாதைத் தேர்வும்தான் சரியாக நடக்கவில்லை. அவசரமாக வாங்கிய நிர்வாக ஒப்புதல் பிறகு எத்தனை ஆண்டுகளை விழுங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த 2017இலேயே அரசு ஒரு மாற்றம் செய்தது. பி.ஆர்.ஓ.வில் தலைமைப் பொறியாளர் 50 கோடி வரையிலும், கூடுதல் தலைமை இயக்குநர் 75 கோடி வரையிலும், தலைமை இயக்குநர் 100 கோடி வரையிலும் தாங்களே நிர்வாக ஒப்புதல் தரலாம் என்று அதிகாரத்தைக் கீழே இறக்கியது. அதுவரை இதைவிடச் சின்னத் தொகைகளுக்கே கோப்பு டெல்லிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் வெளியில் இருந்து பார்ப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது, ராணுவம் என்றாலே ரகசியம்தானே என்று கேட்கலாம். எந்தக் கிடங்கு எங்கே, எந்தச் சுரங்கத்தில் என்ன என்பது ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். மொத்தப் பணக் கணக்கு அப்படியில்லை. மத்திய பட்ஜெட் ஆவணங்களில் பாதுகாப்புப் படைகளின் மூலதனச் செலவு என்ற கோரிக்கையைத் திறந்தால், 'நிலம்', 'கட்டுமானப் பணிகள்' என்ற வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே முந்தைய ஆண்டில் உண்மையில் செலவான தொகை, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, நடுவில் திருத்தியது, அடுத்த ஆண்டுக்குக் கேட்பது என்று நான்கு எண்கள். முதலில் ஒதுக்கியதைவிடத் திருத்தியது குறைந்திருந்தால், பணத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் செலவழிக்க முடியாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அந்த ஆண்டின் நிலைக்குழு அறிக்கையில் பதில் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால், உங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் எழுத்துமூலம் கேட்கலாம். அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும்.